நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைப் பகிர எந்த நெறிமுறை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கணினியில் இருக்கும் டிஸ்க்கை இன்னொரு கணினி நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தப் பல நெறிமுறைகள் இருக்கின்றன: என்.எஃப்.எஸ்., எஸ்.எம்.பி., ஐஸ்கஸி, ஏ.ஓ.இ., என்.பி.டி., ஃபைபர் சேனல், இப்போது என்.வி.எம்.இ.யின் (வேகமான எஸ்.எஸ்.டி.களோடு பேசும் முறை) நெட்வொர்க் வடிவம். எது வேகம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் ஃபைல் சிஸ்டத்தை யார் நிர்வகிக்கப் போகிறார், டிஸ்க்கைக் கொடுக்கும் சர்வரா, வாங்கும் கிளையன்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு விடை கிடைத்தாலே பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும்.

எல்லாமே நெட்வொர்க் ஸ்டோரேஜ்தானே? அடிப்படை வேறுபாடு என்ன?

இவை இரண்டு குடும்பங்கள். என்.எஃப்.எஸ்., எஸ்.எம்.பி. இரண்டும் கோப்புகளைப் பகிர்பவை. "இந்தக் கோப்பைத் திற, இந்த இடத்திலிருந்து இவ்வளவு படி" என்று கிளையன்ட் கேட்கும். டிஸ்க்கில் அது எங்கே கிடக்கிறது என்பது சர்வருக்கு மட்டும்தான் தெரியும். ஐஸ்கஸி, ஏ.ஓ.இ., என்.பி.டி., ஃபைபர் சேனல், என்.வி.எம்.இ. ஆகியவை பிளாக்குகளை, அதாவது டிஸ்க்கைச் சம அளவில் பிரித்து எண்ணிட்ட துண்டுகளை, பகிர்பவை. "4,096ஆம் பிளாக்கைக் கொடு, 9,000ஆம் பிளாக்கில் இதை எழுது" என்பதுதான் அங்கே பேச்சு. கோப்பு, கோப்புறை, அனுமதி என்று எதுவும் சர்வருக்குத் தெரியாது. கிளையன்டில் அது சாதாரண ஹார்டு டிஸ்க்காகத் தெரியும். ஃபார்மேட் செய்வதிலிருந்து எல்லாம் கிளையன்டின் பொறுப்பு.

கடைக்காரரிடம் பொருள் கேட்டு வாங்குவது முதல் வகை. கிடங்குச் சாவியையே வாங்கிக்கொண்டு போய், இருப்புப் பதிவேட்டையும் நாமே எழுதுவது இரண்டாம் வகை.

அப்படியானால் ஒரே ஐஸ்கஸி டிஸ்க்கை இரண்டு கணினிகளில் மவுண்ட் செய்யலாமா (அதாவது இணைத்துத் திறக்கலாமா)?

சாதாரண ஃபைல் சிஸ்டத்தோடு செய்யவே கூடாது. அதிகமாகத் தரவு அழிவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் எல்லாமே இந்த டிஸ்க்கைத் தொடுவது நான் ஒருவன்தான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. எந்த பிளாக் காலி, எது நிரம்பியது என்ற கணக்கை அவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போதுதான் டிஸ்க்கில் எழுதும். இரண்டு கணினிகள் ஒரே டிஸ்க்கை மவுண்ட் செய்தால் இரண்டிடமும் தனித்தனிக் கணக்கு இருக்கும். முதல் கணினி காலி என்று நினைத்து எழுதிய பிளாக்கில், அதே நினைப்போடு இரண்டாவதும் எழுதும். சில மணி நேரம் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஒன்றில் உருவாக்கிய கோப்பு மற்றொன்றில் தெரியவில்லையே என்பதுதான் முதல் அறிகுறி. அடுத்த முறை ரீபூட் செய்து சரிபார்ப்பு ஓடும்போதுதான் சேதம் எவ்வளவு என்று தெரியும்.

"ஒன்றில் எழுதுவேன், மற்றொன்றில் படிக்க மட்டும்தான் செய்வேன்" என்பதும் உதவாது. படிக்கும் கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் கணக்கு பழசாகிவிடும். அடியில் பிளாக்குகள் மாறுவது அதற்குத் தெரியவே தெரியாது. பழைய விவரத்தை நம்பித் தவறான பிளாக்கைப் படிக்கும்.

உண்மையாகவே பல கணினிகள் ஒரே பிளாக் டிஸ்க்கை எழுத வேண்டுமென்றால், அதற்கென்றே எழுதப்பட்ட ஃபைல் சிஸ்டம் வேண்டும். லினக்ஸில் ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 இருக்கின்றன. விஎம்வேர் தன் விஎம்எஃப்எஸ்ஸை வைத்திருக்கிறது. இவை எழுதுவதற்கு முன் ஒன்றுக்கொன்று பேசிப் பூட்டுப் போட்டுக்கொள்ளும். ஒரு கணினி பதில் சொல்லாமல் நின்றுவிட்டால் அதை டிஸ்க்கிலிருந்து வலுக்கட்டாயமாக வெட்டிவிடும் ஏற்பாடும் தேவை. அதை அமைத்துப் பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் இந்தப் பாதையில் போகாதீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் வேண்டியது என்.எஃப்.எஸ். அல்லது எஸ்.எம்.பி.தான்.

இஎக்ஸ்டி4இல் ஒரு பாதுகாப்பு உண்டு. எம்.எம்.பி. என்ற வசதியை இயக்கினால், வேறொரு கணினி ஏற்கெனவே மவுண்ட் செய்திருப்பதைக் கண்டுபிடித்து மறுத்துவிடும். இயல்பாக அது அணைந்தே இருக்கும். பகிரப்படும் டிஸ்க்கில் அதை இயக்கி வைப்பது நல்லது. பகிர்வதற்கான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கைதவறி மவுண்ட் செய்துவிடாமல் காக்கும் வேலி, அவ்வளவுதான்.

அலுவலகத்தில் பத்துப் பேர் ஒரே கோப்புகளைப் பயன்படுத்த வேண்டும். எதை எடுப்பது?

விண்டோஸ் கணினிகள் இருந்தால் எஸ்.எம்.பி. மேக்கிலும் 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி.தான் முதன்மை. லினக்ஸ் சர்வரில் சாம்பா என்ற மென்பொருள் அதைக் கொடுக்கும். எல்லாமே லினக்ஸ் என்றால் என்.எஃப்.எஸ்.

எஸ்.எம்.பி.யில் முதல் பதிப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற தீம்பொருள் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் ஓடியது. 2012இல் வந்த மூன்றாம் பதிப்பில் குறியாக்கமும், பல கேபிள்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வசதியும் இருக்கின்றன. பழைய ஸ்கேனர், பழைய பிரின்டருக்காக முதல் பதிப்பைத் திறந்து வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சாதனத்துக்கு வேறு வழி பாருங்கள்.

பிளாக் பகிர்வு எப்போதுதான் தேவை?

மெய்நிகர் கணினிகளின் டிஸ்க்குகள், டேட்டாபேஸ், டிஸ்க் இல்லாமல் நெட்வொர்க்கிலிருந்தே பூட் ஆகும் கணினிகள், உள்ளூர் டிஸ்க் மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருள்கள் ஆகியவற்றுக்கு. எஸ்கியூலைட் போன்ற டேட்டாபேஸ்கள் நெட்வொர்க் கோப்பு நெறிமுறைகளின் பூட்டு முறையை நம்பக் கூடாது என்று அவற்றின் ஆவணமே எச்சரிக்கிறது. அப்படிப்பட்டவற்றை ஒரே ஒரு கணினிக்குக் கொடுத்த ஐஸ்கஸி டிஸ்க்கில் வைத்தால் அந்தக் கவலை இல்லை.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை என்.எஃப்.எஸ்.ஸில் ஓட்டவும் முடியும். ஹார்டு மவுண்ட்டாக (சர்வர் திரும்பும் வரை காத்திருக்கும் அமைப்பு) இருக்க வேண்டும், சர்வரில் சிங்க் அமைப்பு (டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்வது) இருக்க வேண்டும். ஆனால் டேட்டாபேஸுக்கு ஐஸ்கஸி என்றால் யோசிக்க வேண்டிய விஷயங்கள் குறைவு.

ஐஸ்கஸி எப்படி வேலை செய்கிறது?

ஸ்கஸி என்பது டிஸ்க்குகளோடு பேசுவதற்கான பழைய, நன்கு பழகிய கட்டளைத் தொகுப்பு. அந்தக் கட்டளைகளை, இணையத்தில் தரவு அனுப்பும் வழக்கமான நெறிமுறையான டி.சி.பி.க்குள் வைத்து அனுப்புவதுதான் ஐஸ்கஸி. 2004 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 3720 ஆக அது தரநிலையானது, 2014இல் ஆர்.எஃப்.சி. 7143 பழையவற்றைத் தொகுத்துப் புதுப்பித்தது. டிஸ்க்கைக் கொடுக்கும் பக்கத்துக்கு டார்கெட் என்றும், வாங்கும் பக்கத்துக்கு இனிஷியேட்டர் என்றும் பெயர். டார்கெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு லன். போர்ட் எண் 3260.

டி.சி.பி. மேல் ஓடுவதால் பாக்கெட் தொலைந்தால் மீட்பது, நெரிசலில் வேகம் குறைப்பது, ரவுட்டர் தாண்டிப் போவது எல்லாம் இலவசமாக வந்துவிடுகின்றன. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இனிஷியேட்டர் விண்டோஸிலேயே இருக்கிறது. லினக்ஸில் இரண்டு பக்கமும் உண்டு. 2011இல் வந்த 3.1 கர்னலிலிருந்து எல்.ஐ.ஓ. என்ற ஐஸ்கஸி டார்கெட் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. மேக்கில் மட்டும் இனிஷியேட்டர் கூடவே வருவதில்லை.

ஏ.ஓ.இ.க்கும் ஐஸ்கஸிக்கும் என்ன வித்தியாசம்? ஏ.ஓ.இ. எளிமையானது, வேகமானது என்கிறார்களே?

எளிமையானது என்பது முழு உண்மை. ஏ.டி.ஏ. டிஸ்க் கட்டளைகளை நேரடியாக ஈதர்நெட் ஃப்ரேமுக்குள் (கேபிளில் போகும் தரவுப் பொட்டலம்) வைத்து அனுப்பும் நெறிமுறை இது. நடுவில் ஐ.பி. இல்லை, டி.சி.பி. இல்லை. பிரான்ட்லி கோய்ல் தொடங்கிய கோரெய்ட் நிறுவனத்தில் உருவானது; 2005இல் வந்த 2.6.11 லினக்ஸ் கர்னலில் அதன் டிரைவர் சேர்ந்தது. ஐஸ்கஸியின் ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கம், ஏ.ஓ.இ.யின் விவரக்குறிப்பை ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம். டிஸ்க்குக்கு முகவரி என்பது ஷெல்ஃப் எண், ஸ்லாட் எண், இரண்டே எண்கள். ஐ.பி. முகவரி கொடுக்க வேண்டாம், லாகின் வேண்டாம். கேபிளைச் செருகினால் டிஸ்க் தெரியும். இவ்வளவு சுத்தமான வடிவமைப்பை ஸ்டோரேஜ் உலகில் நான் அதிகம் பார்த்ததில்லை. அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்த எளிமைக்கு விலையும் உண்டு. ஐ.பி. இல்லாததால் ரவுட்டரைத் தாண்டாது; ஒரே ஈதர்நெட் பிரிவுக்குள்தான். சிலர் இதையே பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவுக்குள் நுழைந்த எந்தக் கணினியும் டிஸ்க்கைப் பார்க்கும், எழுதும். கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்து வடிகட்டலாம், ஆனால் மேக் முகவரியைப் போலியாக மாற்றுவது ஒரு வரி வேலை. அப்புறம், ஒரு கட்டளை ஒரு ஃப்ரேமுக்குள் அடங்க வேண்டும். சாதாரண 1,500 பைட் ஃப்ரேமில் 512 பைட் செக்டர்கள் இரண்டுதான் போகும். அதனால் ஜம்போ ஃப்ரேம் (9,000 பைட் அளவிலான பெரிய ஃப்ரேம்) இல்லாமல் ஏ.ஓ.இ.யிடம் நல்ல வேகத்தை எதிர்பார்க்க முடியாது. பாக்கெட் தொலைந்தால் மீண்டும் அனுப்பும் வேலையும் டிரைவரின் தலையில்தான். நெரிசலான ஸ்விட்ச்சில் டி.சி.பி. அளவுக்கு அது சாமர்த்தியமாக நடந்துகொள்ளாது.

வேகம் என்ற வாதம் 2005இல் அர்த்தமுள்ளதாக இருந்தது. அன்றைய பிராசஸருக்கு டி.சி.பி. ஒரு சுமையாகவே இருந்தது. இன்றைக்கு நெட்வொர்க் கார்டே அந்த வேலையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. ஒரு கிகாபிட் இணைப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம். கோரெய்ட் நிறுவனமும் 2015இல் மூடப்பட்டது. புதிதாக அமைப்பவர்களுக்கு என் பதில் ஐஸ்கஸிதான். காரணம் வேகமல்ல. அதற்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன, கோளாறு வந்தால் தேடிப் படிக்க எழுத்து இருக்கிறது.

என்.பி.டி. பற்றி அதிகம் பேச்சில்லையே?

பேச்சில்லாமலே பலரும் பயன்படுத்தும் நெறிமுறை அது. 1997இல் பவெல் மாசெக் லினக்ஸுக்காக எழுதியது. ஒரு டி.சி.பி. இணைப்பு, அதில் படி, எழுது, முடித்துக்கொள் என்ற சில கட்டளைகள். பிறகு ஃப்ளஷ் (நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதச் சொல்வது), ட்ரிம் (வேண்டாத பிளாக்குகளை விடுவிக்கச் சொல்வது), டி.எல்.எஸ். குறியாக்கம் ஆகியவை சேர்ந்தன. போர்ட் 10809.

கியூஎமு என்ற மென்பொருளில் ஓடும் மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் படிமத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப் எடுப்பதற்கும், படிமக் கோப்பைத் திறந்து உள்ளே பார்ப்பதற்கும் இதுதான் கைக்கு எளிது. நிரந்தரமாக ஓடும் ஸ்டோரேஜ் சர்வருக்கு ஐஸ்கஸியை எடுங்கள். தற்காலிக வேலைக்கு என்.பி.டி. ஒரு எச்சரிக்கை: சர்வரும் கிளையன்டும் ஒரே கணினியில் ஓடினால், நினைவகம் நெருக்கடியாகும்போது இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து கணினியே உறைந்துபோகலாம்.

ஃபைபர் சேனல் எனக்குத் தேவையா?

இந்தப் பக்கத்தைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்றால் அநேகமாகத் தேவையில்லை. 1994இல் தரநிலையான இது தனி நெட்வொர்க்: தனிக் கார்டு, தனி ஸ்விட்ச், தனிக் கேபிள். வினாடிக்கு 16, 32, 64 கிகாபிட் என்ற வேகங்களில் கிடைக்கிறது. வங்கிகளும் பெரிய மருத்துவமனைகளும் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேகத்தைவிட ஒழுங்கு. வாங்கிக்கொள்ள இடம் இருக்கிறது என்று எதிர்ப்பக்கம் சொன்ன பிறகுதான் அனுப்பும் பக்கம் ஃப்ரேமை அனுப்பும். அதனால் நெரிசலில் ஃப்ரேம்கள் கீழே போடப்படுவதில்லை. ஈதர்நெட்டில் நெரிசல் வந்தால் ஸ்விட்ச் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும்.

இதையே ஈதர்நெட் மேல் ஓட்டும் எஃப்.சி.ஓ.இ. 2009இல் தரநிலையானது. பாக்கெட்டைத் தவறவிடாத தனி வகை ஸ்விட்ச்சுகள் வழி முழுக்க வேண்டும் என்ற நிபந்தனையால் அது பரவவில்லை. புதிதாக வாங்க வேண்டாம்.

என்.வி.எம்.இ.யை டி.சி.பி. மேல் ஓட்டினால் ஐஸ்கஸியைவிட எவ்வளவு வேகம்?

அடியில் இருப்பது எந்த டிஸ்க் என்பதைப் பொறுத்தது. சுழலும் 7,200 ஆர்.பி.எம். ஹார்டு டிஸ்க்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படித்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 மில்லி வினாடி ஆகும். கிகாபிட் லானில் போய்வரும் நேரம் சுமார் 0.2 மில்லி வினாடி. நெறிமுறையை மாற்றி அந்த 0.2ஐப் பாதியாக்கினாலும் யாருக்கும் தெரியாது. நல்ல என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யோ 0.1 மில்லி வினாடிக்குள் பதில் சொல்லிவிடும். அங்கே நெட்வொர்க்கும் நெறிமுறையும் சேர்க்கும் தாமதம் டிஸ்க்கின் தாமதத்தையே மிஞ்சும். அப்போதுதான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் வருகிறது.

ஸ்கஸி பிறந்தது சுழலும் டிஸ்க்குகளின் காலத்தில். சாட்டா டிஸ்க்குகளுக்கான ஏ.எச்.சி.ஐ. முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். என்.வி.எம்.இ.யில் 64,000க்கும் மேற்பட்ட வரிசைகள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகள். ஒவ்வொரு பிராசஸர் கோருக்கும் தனி வரிசை கிடைப்பதால் பூட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அமைப்பைக் குலைக்காமல் நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்ததுதான் 2016 ஜூனில் வெளியான என்.வி.எம்.இ. ஓவர் ஃபேப்ரிக்ஸ். முதலில் ஆர்.டி.எம்.ஏ. கார்டுகளும் (எதிர்ப்பக்க நினைவகத்தை நேரடியாகத் தொடும் நெட்வொர்க் கார்டுகள்) ஃபைபர் சேனலும்தான் வழி. 2018 நவம்பரில் டி.சி.பி. வழி ஒப்புதல் பெற்றது. 2019 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.0 கர்னலில் இரண்டு பக்கமும் சேர்ந்தன. சாதாரண ஈதர்நெட் கார்டே போதும். போர்ட் 4420.

அதனால் அடியில் என்.வி.எம்.இ. டிஸ்க்குகள், நடுவில் குறைந்தது 10 கிகாபிட், முடிந்தால் 25 கிகாபிட், இரண்டு பக்கமும் புதிய லினக்ஸ் என்றால் தயங்காமல் இதை எடுங்கள். ஐஸ்கஸியைவிடக் குறைந்த பிராசஸர் செலவில் அதிக வேலை நடக்கும். ஹார்டு டிஸ்க் அடுக்கிய நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் ஸ்டோரேஜ் கொடுப்பதற்கான தனிப் பெட்டி) ஐஸ்கஸியே போதும்.

ஐஸ்கஸி போட்டும் வேகம் வினாடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டவில்லை. என்ன பிழை?

பிழை ஒன்றும் இல்லை. ஒரு கிகாபிட் என்பது வினாடிக்கு 125 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேரும் முகவரி போன்ற தலைப்புகளைக் கழித்தால் 110 முதல் 118 வரை கிடைக்கும். உங்கள் இணைப்பு நிரம்பிவிட்டது. நெறிமுறையை மாற்றி இதைக் கூட்ட முடியாது, 2.5 அல்லது 10 கிகாபிட் கார்டு வாங்கினால் கூடும்.

இரண்டு கேபிளை பாண்டிங் செய்தால் இரட்டிப்பு வேகம் வருமா?

ஐஸ்கஸியில் வராது. பாண்டிங்கில் ஒரு டி.சி.பி. இணைப்பு முழுவதும் வழக்கமாக ஒரே கேபிளில்தான் போகும். ஒரு சர்வருக்கும் ஒரு கிளையன்டுக்கும் நடுவில் ஒரே இணைப்பு இருக்கும்போது இரண்டாவது கேபிள் சும்மா கிடக்கும். இதற்குச் சரியான வழி மல்டிபாத். இரண்டு கார்டுகளுக்கும் தனித்தனி சப்நெட் கொடுத்து, இரண்டு வழியாகவும் லாகின் செய்யுங்கள். ஒரே டிஸ்க் இரண்டு முறை தெரியும். மல்டிபாத் மென்பொருள் அவற்றை ஒன்றாக்கி வேலையைப் பிரித்துக் கொடுக்கும். ஒரு கேபிள் போனாலும் மற்றொன்றில் ஓடும். மல்டிபாத் அமைக்காமல் அந்த இரண்டையும் இரண்டு தனி டிஸ்க்குகளாக நினைத்து மவுண்ட் செய்துவிடாதீர்கள். மேலே சொன்ன அதே அழிவு ஒரே கணினிக்குள்ளேயே நடக்கும்.

எஸ்.எம்.பி. மூன்றாம் பதிப்பு இதைத் தானே பார்த்துக்கொள்ளும். என்.எஃப்.எஸ்.ஸில் 5.3 கர்னலிலிருந்து என்-கனெக்ட் என்ற மவுண்ட் அமைப்பால் பல இணைப்புகள் திறக்கலாம்.

ஜம்போ ஃப்ரேம் போட வேண்டுமா?

ஏ.ஓ.இ.க்குக் கட்டாயம் என்றே சொல்வேன். ஐஸ்கஸிக்கு, 10 கிகாபிட் இணைப்பில் பிராசஸர் சுமை கொஞ்சம் குறையும். ஆனால் சர்வர், ஸ்விட்ச், கிளையன்ட் மூன்றிலும் 9,000 என்று ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் வரும் அறிகுறி குழப்பமானது: லாகின் ஆகும், டிஸ்க் தெரியும், சின்னக் கோப்பு போகும், பெரிய கோப்பை எழுதத் தொடங்கியதும் தொங்கிவிடும். துண்டாக்க அனுமதிக்காமல் 8,972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். அது போய்வந்தால் பாதை சரி.

நடுவில் கேபிள் பிடுங்கப்பட்டால் என்ன ஆகும்?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். என்.எஃப்.எஸ். இயல்பாக ஹார்டு மவுண்ட். சர்வர் திரும்பி வரும் வரை புரோகிராம்கள் அப்படியே காத்து நிற்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எரிச்சலாக இருந்தாலும் தரவுக்கு இதுதான் பாதுகாப்பு. எரிச்சலுக்காக சாஃப்ட் என்று மாற்றினால், எழுதிக்கொண்டிருந்த புரோகிராமுக்குப் பிழை போகும்; பாதி எழுதிய கோப்பு மிஞ்சும்.

லினக்ஸ் ஐஸ்கஸியில் இயல்பாக 120 வினாடி காத்திருப்பு. அதற்குள் இணைப்பு திரும்பினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தாண்டினால் ஃபைல் சிஸ்டத்துக்குப் பிழை போகும். இஎக்ஸ்டி4 பெரும்பாலும் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். பிறகு நெட்வொர்க் வந்தாலும் அது தானாகச் சரியாகாது. அன்மவுண்ட் செய்து சரிபார்த்துத்தான் மீண்டும் ஏற்ற வேண்டும். ஒரே பாதை இருந்தால் இந்த 120ஐக் குறைக்காதீர்கள். ஸ்விட்ச் ரீபூட் ஆகும் நேரத்தைவிட அதிகமாக இருக்கட்டும். மல்டிபாத் இருந்தால் 5 முதல் 15 வினாடியாகக் குறையுங்கள். அப்போதுதான் அடுத்த பாதைக்குச் சீக்கிரம் மாறும்.

எஃப்ஸ்டாபில் (பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்வது என்ற லினக்ஸ் பட்டியல்) இந்த டிஸ்க்குகளுக்கு நெட்டெவ் என்ற குறிப்பைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க் வருவதற்கு முன்பே டிஸ்க்கைத் தேடி, பூட் ஆவது நின்றுவிடும்.

சர்வரில் மின்சாரம் போனால்?

"எழுதிவிட்டேன்" என்று சர்வர் சொன்னது உண்மையிலேயே டிஸ்க்குக்குப் போனதா என்பதுதான் இங்கே கேள்வி. என்.எஃப்.எஸ். சர்வரில் அசிங்க் என்று அமைத்தால், நினைவகத்துக்கு வந்ததுமே எழுதியாகிவிட்டது என்று பதில் போகும். வேகம் அள்ளிக்கொண்டு போகும். மின்சாரம் போனால் கிளையன்ட் பத்திரம் என்று நம்பிய தரவும் சேர்ந்து போகும். இயல்பான சிங்க்கிலேயே விடுங்கள். ஐஸ்கஸி டார்கெட்டில் ரைட்-பேக் கேச் (முதலில் நினைவகத்தில் வாங்கிப் பிறகு டிஸ்க்கில் எழுதும் முறை) இருந்தால், கிளையன்ட் அனுப்பும் ஃப்ளஷ் கட்டளை மதிக்கப்படுகிறதா என்று பாருங்கள். சர்வருக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்து ஸ்விட்ச்சை விட்டுவிடுகிறார்கள் பலர். இரண்டும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும்.

கடவுச்சொல், குறியாக்கம் எல்லாம் எப்படி?

ஐஸ்கஸியில் சாப் என்ற கடவுச்சொல் முறை உண்டு. விண்டோஸ் இனிஷியேட்டர் 12 முதல் 16 எழுத்து கேட்கும். அது உள்ளே வருபவர் யார் என்று மட்டும்தான் பார்க்கும். போகும் தரவு வெட்டவெளியில்தான் போகும். என்.எஃப்.எஸ்.ஸின் இயல்பான முறையிலோ கிளையன்ட் சொல்லும் பயனர் எண்ணை சர்வர் அப்படியே நம்பும். பயனர் யாரென்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையைப் போட்டால் சரியாகும், 2022இல் டி.எல்.எஸ். வழியும் தரநிலையானது.

ஸ்டோரேஜுக்குத் தனி வி-லான் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) வையுங்கள். இணையத்தைப் பார்த்தபடி 3260ஐத் திறக்கவே கூடாது. 2019இல் கடவுச்சொல்லே இல்லாத 13,000க்கும் மேற்பட்ட ஐஸ்கஸி டார்கெட்டுகள் இணையத்தில் திறந்து கிடந்தது செய்தியானது. மேலும் பாதுகாப்பு வேண்டுமென்றால் கிளையன்டிலேயே லினக்ஸின் லக்ஸ் அல்லது விண்டோஸின் பிட்லாக்கரால் டிஸ்க்கைக் குறியாக்குங்கள். சர்வருக்கும் கேபிளுக்கும் வெறும் குப்பையாகத்தான் தெரியும். பிளாக் பகிர்வு தரும் நல்ல வசதி இது.

லன்னில் கோப்புகளை அழித்தேன். நாஸில் இடம் திரும்ப வரவில்லையே?

கோப்பு என்றால் என்னவென்று நாஸுக்குத் தெரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதன் விளைவுதான் இது. நீங்கள் அழித்தது கிளையன்டின் கணக்கில் மட்டும். அந்த பிளாக்குகள் வேண்டாம் என்று அன்மேப் கட்டளை மூலம் சொன்னால்தான் சர்வர் விடுவிக்கும். லினக்ஸில் அதைச் செய்யும் எஃப்ஸ்ட்ரிம்மை வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். நாஸ் அமைப்பில் அந்த லன் தின் வகையாக (எழுதிய அளவுக்கே இடம் எடுப்பது) இருப்பதையும், இட மீட்பு இயங்குவதையும் பாருங்கள்.

யு.எஸ்.பி. டிரைவை அப்படியே இன்னொரு கணினிக்குக் கொடுக்க முடியுமா?

முடியும். யு.எஸ்.பி.-ஐ.பி. என்ற வசதி 2014இல் வந்த 3.17 கர்னலிலிருந்து லினக்ஸில் முறையாக இருக்கிறது. லைசென்ஸ் டாங்கிள் போன்றவற்றுக்கு நல்லது. டிஸ்க்குக்கு வேண்டாம், அந்த டிரைவை ஐஸ்கஸியில் கொடுத்தால் இன்னும் நிலையாக ஓடும்.

வேறு ஊரில் இருக்கும் கிளைக்கு இணையம் வழியாக ஐஸ்கஸி கொடுக்கலாமா?

வி.பி.என். போட்டு இணைக்க முடியும். வேலை செய்ய முடியாது. கண்ணாடி இழையில் 100 கிலோமீட்டருக்குப் போய்வரவே ஒரு மில்லி வினாடி. நிஜ இணையத்தில் அது பல மடங்கு. ஒவ்வொரு ஃப்ளஷும் அவ்வளவு நேரம் காத்திருக்கும். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்க்கொண்டே இருக்கும். தூர இடத்துக்குக் கோப்புகளை ஒத்திசைப்பதே சரி: ஆர்சிங்க், சிங்க்திங், அல்லது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்.

பழைய ஏ.ஓ.இ. அமைப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஐஸ்கஸிக்கு மாற, தரவு முழுவதையும் காப்பி செய்ய வேண்டுமா?

வேண்டாம். இரண்டுமே பிளாக்குகளைத்தான் கொடுக்கின்றன. டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தைச் சர்வர் தொடுவதே இல்லை. லினக்ஸ் சர்வரில் வி-பிளேடு என்ற ஏ.ஓ.இ. சர்வர் மென்பொருள் வழியாகக் கொடுக்கப்பட்ட டிஸ்க்கையோ படிமக் கோப்பையோ அப்படியே எல்.ஐ.ஓ. டார்கெட்டில் சேர்த்துவிடலாம். முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு எல்லாக் கிளையன்டுகளிலும் அன்மவுண்ட் செய்து, வி-பிளேடை நிறுத்துங்கள். இரண்டு நெறிமுறைகளும் ஒரே நேரத்தில் ஒரே டிஸ்க்கைக் கொடுக்கும் நிலை ஒரு நிமிடம்கூட இருக்க வேண்டாம். புதிய லன்னின் செக்டர் அளவு பழையபடி 512 என்றே இருக்கட்டும். 4,096 என்று மாறினால் பார்ட்டிஷன் அட்டவணை படிக்க வராது. கிளையன்டில் பழைய சாதனப் பெயர் மாறிவிடும் என்பதால் எஃப்ஸ்டாபில் யு.யு.ஐ.டி.யால் (ஃபைல் சிஸ்டத்தின் மாறாத அடையாள எண்) குறிப்பிடுங்கள். முதல் முறை இணைக்கும்போது டார்கெட் பக்கத்திலேயே எழுத முடியாதபடி பூட்டிவிட்டு மவுண்ட் செய்யுங்கள். கிளையன்டில் மட்டும் படிக்க என்று சொன்னால் போதாது. ஜர்னலில் (எழுதவிருக்கும் மாற்றங்களின் குறிப்பேடு) பாக்கி இருந்தால் இஎக்ஸ்டி4 அப்போதும் எழுதிவிடும். கோப்புகள் எல்லாம் சரியாகத் தெரிந்தால், அன்மவுண்ட் செய்து பூட்டைத் திறந்துவிட்டு மீண்டும் மவுண்ட் செய்துகொள்ளலாம்.